விரைவும் பொறுப்பும்

பழைய மகிழுந்துகளை மாற்றியமைக்கும் பொழுதுபோக்கு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே வேரூன்றியது. ஃபோர்டு நிறுவனம் 1932இல் வெளியிட்ட வி-8 மகிழுந்து 65 குதிரைத்திறன் கொண்டது. இளைஞர்கள் அவ்வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கினர். மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கினர். வறண்ட ஏரிப்படுகைகளில் விரைந்தோட்டினர்.

இது பழம்பொருளைச் சிதைப்பதாகும் என்பர் சிலர். எஞ்சியிருப்பவை ஒன்றிரண்டே எனில் அக்கூற்று ஏற்கத்தக்கது. ஏராளமாக உருவாகித் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிக்கோ மாற்றமே மறுவாழ்வு. ஆயினும், விரைவைக் கூட்டுவோர் பிரேக்கையும் வலுப்படுத்துதல் வேண்டும். 1932ஆம் ஆண்டு வண்டியின் பிரேக்குகள் கம்பிகளால் இயங்கியவை. ஃபோர்டு 1939இல் கொணர்ந்த நீர்ம அழுத்தப் பிரேக்குகளை அவற்றில் பொருத்தியோரே தேர்ந்த கைவினைஞர். பிறர் உயிரையும் எண்ணுவதே கைத்திறனுக்கு அழகு.