அரிசி வாங்கலாம், வாயை விற்கக் கூடாது

"சர்வாதிகார நாட்டோடு வியாபாரம் செய்தாலே ஜனநாயகத்துக்குத் தீட்டு" என்று ஒரு கோஷ்டி. "வியாபாரத்தில் ஏதுய்யா கொள்கை?" என்று இன்னொரு கோஷ்டி. எங்கள் பி.காம் வகுப்பில் இரண்டுமே உண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் இலங்கைப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

1952. கொரியப் போர் நடக்கிறது. சீனாவுக்குப் போருக்கு உதவும் சரக்குகளை அனுப்பாதீர்கள் என்று ஐ.நா. முந்தைய வருடமே சொல்லியாயிற்று. இலங்கையிலோ ரப்பர் விலை விழுந்து, அரிசிக்கும் தட்டுப்பாடு. ஆண்டது, கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாத ஐக்கிய தேசியக் கட்சி. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி.சேனநாயக்க டிசம்பரில் பீஜிங்கில் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு 2,70,000 டன் அரிசி வரும், 50,000 டன் ரப்பர் போகும், ஐந்து வருடத்துக்கு. ரப்பருக்குச் சந்தை விலையை விட அதிகம். அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை மறுத்தது.

இதனால் இலங்கையில் தேர்தல் நின்றுபோனதா? 1956-ல் அதே கட்சியை ஜனங்கள் ஓட்டுப் போட்டே வீட்டுக்கு அனுப்பினார்கள்!

ஜனநாயகம் கெட்டது வேறு இடத்தில். தேயிலை கிள்ளி, ரப்பர் பால் எடுத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு 1948-ல் குடியுரிமை போனது. அடுத்த வருடம் ஓட்டும் போனது. இதை எந்தச் சர்வாதிகாரியும் சொல்லித்தரவில்லை. கொழும்பு நாடாளுமன்றமே செய்துகொண்டது.

எங்கள் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் யாரும் விற்பவனின் யோக்கியதையைப் பார்த்து ஆடு வாங்குவதில்லை. ஆனால் "விலையைக் குறைக்கிறேன், என் மேல் இருக்கிற வழக்கில் நீ சாட்சி சொல்லாதே" என்றால் அது வியாபாரமா?

பின்னால் நடந்தது இதுதான். அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கடனில் எழுந்தது. 2012-ல் ஜெனீவாவில் போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக் கேட்டு இலங்கை மீது தீர்மானம் வந்தபோது, சீனா எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2020-ல் அதே ஜெனீவாவில் ஹாங்காங் பாதுகாப்புச் சட்டத்தில் சீனாவை ஆதரித்த 53 நாடுகளில் இலங்கையும் ஒன்று. கணக்கு நேராகிவிட்டது பாருங்கள்.

1952-ல் வாங்கிய அரிசி ஜனங்களின் தட்டுக்குப் போனது. 2012-ல் கிடைத்த ஓட்டு, ஜனங்களின் கேள்வியிலிருந்து ஆட்சியாளர்களைக் காப்பாற்றப் போனது.

சின்ன நாடு யாரிடமும் வாங்கட்டும், விற்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: லாபம் யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று? பேரேடு எழுதப் படிக்கிற நாமே இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?