காற்றைக் கேளாத பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாய்லாந்துத் தீவுகளைப் பற்றிய பேச்சு எழுகின்றது. பூக்கெட், கிராபி, சாமுய், லிப்பே எனப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. விலை விசாரிக்கப்படுகின்றது, வண்ணப் படங்கள் பார்க்கப்படுகின்றன, பயணச்சீட்டும் வாங்கப்பட்டு விடுகின்றது. கேட்கப்படாமற் போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கைக்குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் உடன் வருகின்ற இப்பயணத்திற்கு, அந்தக் கடல், அந்த மாதத்தில் ஏற்றதுதானா என்பதே அது.

"கடற்கரை எல்லாம் ஒன்றுதானே, எங்குப் போனால் என்ன?" என்பார் உளர். இதனினும் பிழையான கூற்று வேறில்லை.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். அவை போருக்குப் புறப்படும் அரசனை நோக்கிக் கூறப்பட்டவை எனினும், குடும்பத்தை அழைத்துக்கொண்டு கடல் கடந்து புறப்படும் தலைவனுக்கும் பொருந்துவனவே. வகுப்பறையில் அவற்றை விளக்கும் ஆசிரியரும், தேர்வில் எழுதி மதிப்பெண் பெறும் மாணவரும், விடுமுறைக்கு இடம் தேரும்போது மட்டும் அவற்றை மறந்துவிடுவது ஏன்?

முதலில் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். தாய்லாந்தின் தென்பகுதி, இரு கடல்களுக்கிடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். மேற்கே அந்தமான் கடல். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. பூக்கெட், கிராபி, லிப்பே ஆகியவை மேற்குக் கரையைச் சேர்ந்தவை. சாமுய் கிழக்கே வளைகுடாவில் உள்ளது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் வந்து மோதுகின்றது. அம்மாதங்களில் பூக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் சிவப்புக் கொடிகள் பறப்பதும், கடலில் இறங்குவோரை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டங்கள் தோன்றுவதும் வழக்கம். சிமிலான் தீவுகளை மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அந்நாட்டு அரசே மூடிவிடுகின்றது. சாமுயிலோ நிலைமை வேறு. அங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழைக்காலம். நவம்பரே மழை மிகுந்த மாதம். ஆண்டிறுதியில் கிளந்தானையும் திரெங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும் வீசுகின்றது.

ஆகவே கணக்கு எளிது. சிங்கப்பூரின் ஜூன் விடுமுறைக்குக் கிழக்குக் கடல். ஆண்டிறுதி விடுமுறைக்கு மேற்குக் கடல். இதனைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நான்கு நாளும் விடுதி அறைக்குள் மழையைப் பார்த்திருந்து, "தாய்லாந்தில் ஒன்றுமில்லை" என்று திரும்பி வருவோர் பழிக்க வேண்டியது தாய்லாந்தையா? மழையோடு போனால் பணம் மட்டுமே நட்டம். 2018 ஜூலை 5ஆம் நாள், பூக்கெட்டுக்கு அருகே கொந்தளித்த கடலில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து, சீனப் பயணிகள் 47 பேர் மாண்டனர். காற்றைக் கேளாத பயணம் சில வேளை உயிரையே விலையாகக் கேட்கின்றது.

இதில் வெட்கத்திற்குரிய செய்தியும் உண்டு. திசைக்கொரு பெயராக வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று காற்றுக்குப் பெயரிட்ட மொழி தமிழ். பூக்கெட்டுக்கு வடக்கேயுள்ள தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. குளம் ஒன்றையும், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் அது குறிப்பிடுகின்றது. பருவக்காற்றை அறிந்தே அவ்வணிகர் அக்கரையை அடைந்திருக்க முடியும். பாய்மரத்தில் சென்றோர் அறிந்திருந்ததை, வானூர்தியில் செல்வோர் அறியாதிருப்பது வளர்ச்சியாகுமா?

அடுத்தது இடம். பூக்கெட் பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்தது. அங்கு வானூர்தி நிலையமும் பெரிய மருத்துவமனைகளும் உள்ளன. சாமுயிலும் இவை உண்டு. லிப்பேயோ மிகச் சிறிய தீவு. படகில்தான் சேர முடியும். பெரிய மருத்துவமனை அங்கில்லை. அதன் நீர் பளிங்கு போன்றதுதான். ஆனால் நள்ளிரவில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தால், பளிங்கு நீரை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வாள்? இளைஞர்க்கு ஏற்ற தீவு வேறு. குழந்தைக்கு ஏற்ற தீவு வேறு. ஆழம் குறைந்து, மெல்லச் சரியும் மணற்கரையும், ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரை அடையும் வழியும் உள்ள இடமே குழந்தையோடு செல்வோர்க்கு அழகிய இடம்.

மூன்றாவதும் முதன்மையானதும் வலி. போர்க்களத்தில் வலியவனின் வலிமையை எண்ணுவர். குடும்பப் பயணத்தில் மெலியவரின் வலிமையை எண்ண வேண்டும். நடப்பதோ வேறு. சம்பாதிக்கும் மாமா முடிவு செய்கின்றார். நீந்தத் தெரிந்த தம்பி தலையசைக்கின்றான். முழங்கால் அளவு நீரில் இறங்கி நடந்துதான் படகேற வேண்டும் என்பது, மூட்டுவலிக்காரப் பாட்டிக்குக் கரையில் நிற்கும்போதுதான் தெரிகின்றது. சைவ உணவு மட்டும் உண்பவர்க்கு அந்நாட்டுச் சமையலில் மீன் சாறு எங்கும் கலந்திருக்கும் என்பதும், 'ஜே' என்று கேட்டால்தான் புலால் கலவாத உணவு கிடைக்கும் என்பதும் முன்பே சொல்லப்படுவதில்லை.

"அப்படியானால் பாட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லலாமே" என்று சிலர் வழி சொல்வர். அது வழியன்று; பழி. அழைத்துச் சென்றும், மற்றவர் கடலாடும் நேரமெல்லாம் அறைக்குள் பேரக்குழந்தைக்குக் காவலாக அவரை அமர்த்துவது அதனினும் பெரிய பழி. உறவினரோடு செல்வது உறவை வளர்க்கவே அன்றி, சம்பளமில்லாத ஆயாவைப் பெறுவதற்கன்று.

"இவ்வளவு அஞ்சினால் வீட்டைவிட்டே வெளியேற முடியாது" என்பது இறுதியாக எழும் மறுப்பு. அஞ்சச் சொல்வது வேறு, அறியச் சொல்வது வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள், பருவம் நல்லதாக இருந்தபோதே ஆழிப்பேரலை அந்தமான் கரையைத் தாக்கித் தாய்லாந்தில் 5,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அன்று பூக்கெட்டின் மைக்காவ் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர். அவளைக் காத்தது அச்சமன்று. ஆசிரியர் ஒருவர் ஒழுங்காக நடத்திய பாடம்.

தமிழாசிரியர்க்கு இதில் கடமை உண்டு. காலமறிதலை நடத்தும் நாளில் தாய்லாந்தின் நிலப்படத்தை மாணவர்முன் விரித்து, எந்த மாதத்தில் எந்தக் கரை, ஏன் என்று கேட்கட்டும். மாணவரும் அக்கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தந்தையிடம் கேட்கட்டும். மனப்பாடம் செய்த குறள் மதிப்பெண் தரும். வாழ்வில் கைக்கொண்ட குறளே குடும்பத்தைக் கரை சேர்க்கும்.