தறிக்குழி காய, கால்வாய் ஓடட்டும்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் மழை வலுத்தால் தறிக்குழியில் ஈரம் ஊறும். தறி நிற்கும், நெசவாளர் கூலியும் நிற்கும். பின்னாலேயே கொசு வரும், காய்ச்சல் வரும். நகருக்குள் ஓடும் மஞ்சள் நீர் கால்வாயில் கழிவும் குப்பையும் தேங்கும்வரை, மருந்தால் மட்டும் நோயை வெல்ல முடியாது.

யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையில் பெருகுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கால்வாயைக் காப்பதும் தொட்டியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவதும் ஒரே பணிதான்.

கோவையில் 2017 முதல் குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் நீர்நிலைகளைச் சீரமைக்கின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். இந்த இரு வழிகளும் பிள்ளையார்பாளையத்தின் தெருக்களில் ஒன்றுசேர வேண்டும்.

தெருவுக்கொரு குழு அமையட்டும். கரையில் குப்பை சேராமல் பார்ப்பது, தொட்டிகளைச் சோதிப்பது, காய்ச்சல் கண்டவரை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது அதன் பொறுப்பு. சாக்கடைக்குள் எவரையும் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. தூர்வாருவதும் பாதாளச் சாக்கடை இணைப்பும் சாயக்கழிவுச் சுத்திகரிப்பும் அரசின் கடமை. தன்னார்வலர்களைக் காட்டி அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநகராட்சி இந்தக் குழுக்களை அழைத்துப் பேசி வேலையைத் தொடங்க வேண்டும்.