காடர் ஓட்டும் கங்காணி முறையும்

கட்சியொன்றில் சேர்ந்து, சந்தாச் செலுத்தி, பல்லாண்டு உழைத்த ஓர் அங்கத்தினனுக்கு அக்கட்சியின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டோ என்று கேட்டால், உண்டு, அதிலென்ன ஐயம் என்றே நம்மவரிற் பெரும்பாலோர் கூறுவர். சிங்கப்பூரைப் பொறுத்தமட்டில் அவ்விடை சரியன்று. 1959ஆம் ஆண்டு முதல் இத்தீவை ஆண்டுவரும் மக்கள் செயல் கட்சியில், சாதாரண அங்கத்தினனுக்கு மத்திய செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. காடர் என்னும் மேல்வகுப்பு அங்கத்தினருக்கே அவ்வுரிமை. அந்தக் காடர்களைப் பொறுக்கி எடுப்பவர் யார்? அதே மத்திய செயற்குழுவினர்!

தோட்டத்துத் தோழர்களுக்கு இதை விளக்கப் பெரிய அரசியல் நூல் வேண்டியதில்லை. கங்காணி ஊருக்குப் போய்த் தனக்கு வேண்டியவர்களாகப் பார்த்து ஆள் கட்டி வந்தான். அப்படி வந்தவர்கள் ஒன்றுகூடி அவனையே கங்காணியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரேனும் சொன்னால், பால்மரத்தடியில் நிற்பவனுங்கூடச் சிரிக்கமாட்டானா? தோட்டத்தில் நகைப்புக்கிடமான காரியம், கட்சிச் சட்டத்தில் எழுதப்பட்டவுடன் கட்டுப்பாடு என்று பெயர் பெற்றுவிடுகிறது.

இம்முறை கட்சியோடு உடன்பிறந்ததன்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் கட்சி தொடங்கப்பெற்றபோது, தொழிற்சங்கத்தாரும் ஆங்கிலம் படித்த வழக்கறிஞரும் ஒருங்கே நின்றனர். எஸ். ராஜரத்தினமும் தேவன் நாயரும் அதன் ஸ்தாபகர்களுள் அடங்குவர். 1957 ஆகஸ்டில் நடந்த மாநாட்டிலோ, செயற்குழுவின் 12 இடங்களில் 6 இடங்கள் இடதுசாரிகளுக்குப் போயின. லீ குவான் யூவும் அவர்தம் சகாக்களும் பதவியேற்க மறுத்தனர், வழக்கறிஞர் டி. டி. ராஜா தலைமைச் செயலாளரானார். அம்மாதம் முடியுமுன்னரே லிம் இயூ ஹாக்கின் அரசாங்கம் இடதுசாரிகளைச் சிறைப்பிடித்தது. புதிய செயற்குழுவினர் ஐவரும் அதில் அகப்பட்டனர். கட்சி மறுபடியும் லீயின் கைக்கு வந்தது. 1958இல் சட்டத்தைத் திருத்திக் காடர் முறையைப் புகுத்தினார்கள். போப்பாண்டவர் கார்டினல்களை நியமிக்கிறார், அந்தக் கார்டினல்களே அடுத்த போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆகவே அவ்வட்டத்திற்குள் அயலார் புக வழியில்லை என்னும் எண்ணமே இதற்கு வழிகாட்டிற்று என்பதை லீ தமது நினைவு நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அந்த வெளிப்படைத் தன்மையை நாம் மெச்சுகிறோம், முறையை மெச்சோம். (போப்பாண்டவருக்காவது ஆயுளில் ஒரே தேர்தல். இங்கோ இரண்டாண்டுக்கொருமுறை அச்சடங்கு நடந்தேறுகிறது!)

அன்று கட்சியை அழிவினின்று காத்தது அம்முறையே என்பாருளர். நடந்ததைப் பார்ப்போம். மூன்றாண்டு கழியுமுன், 1961 ஜூலையில், சட்டமன்றத்தில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் கட்சியின் உறுப்பினர் 13 பேர் தலைமையை ஆதரிக்க மறுத்தனர். வெளியேறிப் பாரிசான் சோசியாலிஸ் கட்சியைக் கண்டனர். கிளைகளிற் பெரும்பாலானவையும், அவற்றில் இரவுபகலாய் வேலை செய்த அமைப்பாளர்களும் அவர்களோடு போய்விட்டனர். காடர் என்னும் பூட்டுத் தலைமைக் காரியாலயத்தைக் காத்தது, கட்சியைக் காக்கவில்லை. வாசலை அடைத்தால் உள்ளிருப்பவன் சுவரை இடிக்கத்தானே செய்வான்? 1963 தேர்தலில் 51 இடங்களுள் 37ஐ வென்றார்களே என்று வாதாடலாம். உண்மை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே எதிர்த்தரப்பின் முன்னணியினர் பலர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டிருந்ததும் உண்மையே.

கம்யூனிஸ்டுகள் உள்ளே புகுவார்கள் என்பதுதான் அன்று சொன்ன காரணம். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1989ஆம் ஆண்டு ஹாட்யாயில் ஒப்பந்தம் செய்து ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டது. திருடன் போய்ச் சேர்ந்த பின்னும் வீட்டுக்காரன் சொந்தப் பிள்ளைகளிடம் சாவி தர மறுப்பது ஏன்?

பிள்ளைகள் என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று. சிராங்கூன் சாலைப் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில், மக்கள் சந்திப்பு நடைபெறும் இரவுகளில் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்த தொண்டர், ஒரு முதியவரின் வாடகைப் பாக்கிக்கும், ஒரு தாயின் மருத்துவக் கட்டணத்திற்கும் மனு எழுதிக்கொண்டிருப்பார். ஜனங்களின் குறை இன்னதென்று அமைச்சரைக் காட்டிலும் அவருக்கு நன்றாய்த் தெரியும். அவர் காடராக வேண்டுமானால் நாடாளுமன்ற உறுப்பினர் சிபாரிசு செய்யவேண்டும், பின்பு நேர்காணல், பின்பு செயற்குழுவின் அங்கீகாரம். அது வரை அவர் மனு எழுதலாம், நாற்காலி போடலாம், ஓட்டுப் போட முடியாது. சிறுபான்மையினராகிய நமக்கு இதில் தனிக் கேடும் உண்டு. சிபாரிசால் ஏறியவன் நன்றி கூறுவான். ஓட்டால் ஏறியவனே கணக்குக் கேட்பான். தமிழ்த் தொண்டர்களை நன்றி கூறும் வகுப்பாகவே வைத்திருப்பதை நாம் விரும்பவில்லை.

ஆளுங்கட்சியை மட்டும் குறை கூறி எதிர்க்கட்சியைத் தப்பவிடுவது நேர்மையாகாது. டேவிட் மார்ஷல் 1957இல் தொடங்கிய பாட்டாளிக் கட்சியும் இந்தக் காடர் முறையையே கைக்கொண்டது. 2016இல் அதன் தலைமைச் செயலாளர் பதவிக்கு லோ தியா கியாங்கும் சென் ஷோ மாவும் போட்டியிட்டபோது, லோவுக்கு 61 ஓட்டு, சென்னுக்கு 45. ஆக 106 பேர்! அதற்கு முந்தின ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓட்டளித்தவர் தொகை இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேல். போட்டி நடந்ததே, எண்ணிக்கையும் வெளிவந்ததே என்பதை மதிக்கிறோம். ஆயினும் எதிராளியின் பூட்டையே வாங்கித் தன் வீட்டிலும் மாட்டிக்கொள்வது எதிர்ப்பு ஆகுமா?

கதவைத் திறந்தால் கைகலப்பு வரும் என்பர். ஜோகூர்ப் பாலத்திற்கு அப்பால் மலேசிய இந்தியர் காங்கிரசைக் காட்டுவர். அங்கே 2013இல் நடந்த உட்கட்சித் தேர்தலில் சங்கப் பதிவாளர் தலையிட்டு மறுதேர்தல் நடத்தச் சொன்னதும், வழக்கு நீதிமன்றம் ஏறியதும், 2015இல் பழனிவேல் தலைமைப் பதவியை இழந்ததும் நாம் அறிந்தவையே. அது மெய்யாகவே தலைகுனிவுதான். ஆனால் அங்கே கெட்டது ஓட்டன்று, ஓட்டை நடத்திய விதம். நெல்லில் பதர் கண்டவன் புடைப்பானேயன்றி வயலைத் தரிசாகப் போடமாட்டான்.

ஆகவே நாம் வேண்டுவது இது. முதலாவதாக, இரு கட்சிகளும் தத்தம் காடர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மாநாட்டிலும் பகிரங்கமாகச் சொல்லட்டும். மக்கள் செயல் கட்சி அத்தொகையையும் பட்டியலையும் மறைபொருளாகவே வைத்திருக்கிறது. ஆளுங்கட்சியின் தலைவரை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நாட்டு மக்கள் அறியலாகாதா? அடுத்து, காடர்களில் பாதிப் பேரையாவது கிளை அங்கத்தினர்களே இரகசிய ஓட்டின் மூலம் தேர்ந்தெடுக்கட்டும். புதிதாய்ப் புகுந்த கூட்டம் ஒரே இரவில் கட்சியைக் கவர்ந்துவிடும் என்று அஞ்சினால், மூன்றாண்டு அங்கத்துவம் வேண்டும் என்று விதி வைக்கலாம். 1957இன் ஆபத்துக்கு அதுவே போதிய மருந்து. கிளைத் தலைமை நாடாளுமன்ற உறுப்பினர் கையிலேயே இருக்கவேண்டும் என்பதும் நமக்கு உடன்பாடன்று. கிளை அவரைக் கேள்வி கேட்கவேண்டிய இடமாயிற்றே.

இவற்றுள் ஒன்றையும் மேலிருந்து எவரும் தாமாகத் தரப்போவதில்லை. கட்சிகளில் அங்கத்தினராயிருக்கும் நம் வாசகர்கள் அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இக்கிளையில் காடர் எத்தனை பேர், அவர்களுள் தமிழர் எத்தனை பேர்? கிடைத்த விடையை நமக்கு எழுதியனுப்பினால் வெளியிடுவோம். விடை கிடையாவிடில் அதையும் வெளியிடுவோம்.