மணியின் வாயை அடைக்கலாமா?

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டியும், 2011-ஆம் ஆண்டில் ஓசூரில் உருவான அசோக் லேலண்டு தோஸ்த் வண்டியும் வெளிவந்த பின்னர், லாரி வைத்துக்கொள்ள வசதியில்லாத உழவரும் நெசவாளரும் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்துக்கொள்வது சாத்தியமாயிற்று. இன்று குடியாத்தத்து லுங்கிக் கட்டுகளும், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும், ஏலகிரியின் பலாப்பழமும் இத்தகைய சிறு வண்டிகளில் ஏறித்தான் சந்தைக்குச் செல்லுகின்றன. இவற்றுள் கைமாறி வந்த பழைய வண்டிகள் அநேகம். பழைய வண்டியை உடையவர் எல்லோரும் அறிந்த ஒரு தொல்லை, காரணம் புலப்படாமல் ஒலிக்கும் எச்சரிக்கை மணி.

மணி ஒலிக்கிறது. ஓட்டுநர் இரண்டு நாள் பொறுக்கிறார். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய், "அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுங்கள்" என்கிறார். பட்டறைக்காரரும் மீட்டர் பலகையைக் கழற்றி ஒரு வயரைத் துண்டித்துவிடுகிறார். பத்து நிமிஷ வேலை, சொற்பக் கூலி. இவ்வழக்கத்தை நான் முற்றிலும் ஆட்சேபிக்கிறேன்.

நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விசைத்தறிகளில் பாவு நூல் அறுந்தவுடன் தறியை நிறுத்தும் சாதனம் ஒன்று உண்டு. நூலில் தொங்கும் மெல்லிய தகடு, நூல் அறுந்ததும் கீழே விழுந்து தறியை நிறுத்துகிறது. பஞ்சுத் தூசி படிந்துவிட்டால், நூல் அறாதபோதும் தறி நிற்பதுண்டு. அப்பொழுது நல்ல நெசவாளர் என் செய்கிறார்? தூசியைத் துடைக்கிறார். தகடுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு நெய்பவர் அன்று அதிக கெஜம் நெய்வார் என்பது மெய்யே. அந்தத் துணியை விற்கப் போகும்போது அவருக்கு விஷயம் தெரியும்.

வண்டியின் மணியும் அத்தகையதே. அது சில வேளை பொய் சொல்லும். சில வேளை மெய் சொல்லும். எது பொய், எது மெய் என்று பிரித்தறிவதற்கு முதலில் வேண்டியது கருவி அன்று, கவனம். மணி எப்பொழுது ஒலிக்கிறது? சாவியைத் திருப்பியவுடனா, பள்ளத்தில் இறங்கும்போதா, வளைவிலா, பிரேக்கை மிதிக்கையிலா? அதனுடன் பலகையில் ஏதேனும் விளக்கு எரிகிறதா? இவற்றை ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வைத்தாற் போதும், பாதி நோய் வெளிப்பட்டுவிடும்.

பள்ளத்திலும் மேட்டிலும் மட்டும் ஒலித்து, கூடவே உள் விளக்கும் மினுக்கினால், கதவுச் சட்டத்தில் உள்ள சிறு சுவிட்சையே சந்தேகிக்க வேண்டும். கீல் தேய்ந்து கதவு தொங்கிப்போனால், அந்தச் சுவிட்சு முழுமையாக அழுந்துவதில்லை. கதவு திறந்திருப்பதாகவே வண்டி எண்ணிக்கொள்கிறது. கீலைச் சரிசெய்து, சுவிட்சைத் துடைத்தால் தீர்ந்தது. சீட் பெல்ட் பூட்டினுள் மண் புகுந்தாலும் இவ்வாறே. முன்பு வண்டியை வைத்திருந்தவர் பொருத்திவிட்டு மறந்துபோன திருட்டுத் தடுப்பு மணியோ, பின்னோக்கிச் செல்லும்போது ஒலிக்கும் கருவியோ பலகையின் அடியில் ஒளிந்திருந்து கத்துவதும் உண்டு. ஆகவே ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்பது நன்று.

வளைவிலும் இறக்கத்திலும் ஒலிக்கும் மணியோ வேறு வகை. பிரேக் ஆயில் குப்பியினுள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்தபட்சக் கோட்டை நெருங்கிவிட்டால், வண்டி சாயும்போதெல்லாம் மிதவை தாழ்ந்து மணியடிக்கும். சமதரைக்கு வந்ததும் அடங்கிவிடும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கத்திய மணி, பொன்னேரிக்கு வந்ததும் ஓய்ந்துவிட்டது என்று மகிழ்கிற ஓட்டுநர், உண்மையில் தம் உயிரைப் பற்றிய செய்தியை அலட்சியம் செய்கிறார். ஆயில் ஏன் குறைந்தது? பிரேக் தேயத் தேய, சக்கரத்தினுள் இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது. இல்லையேல் எங்கோ கசிகிறது. இரண்டையும் பாராமல் குப்பியை நிரப்பிவிடுவது, வயரை வெட்டுவதற்கு அடுத்த தவறு. ஹேண்ட் பிரேக்கின் சுவிட்சும் பெரும்பாலான வண்டிகளில் இதே விளக்கையே பயன்படுத்துவதால், அந்தப் பிடி முழுதும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் அழுத்தத்திற்கான விளக்கு மணியுடன் சேர்ந்து எரிந்தால் ஆராய்ச்சிக்கே இடமில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். ஆயில் அளவுக் கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தைச் சொல்லுகிறேன். பச்சைத் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு இடுவது வழக்கம். அந்தத் தோல் இராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் வண்டிகளில் வரும்போது, உப்புநீர் தட்டின் இடுக்குகள் வழியே சேஸிஸில் சொட்டுகிறது. தோல் பதனிடும் தொழிலின் கழிவு நம் பாலாற்று நிலங்களுக்குச் செய்ததை நாம் அறிவோம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாயிற்று என்ற ஆய்வுக் கணக்கை, 1996-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. வண்டியின் இரும்பு மட்டும் அந்த உப்புக்குத் தப்புமா? தோல் ஏற்றி ஓடிய வண்டியை மலிவாக வாங்கும் உழவர், மேலே பூசிய புது வர்ணத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார். பாட்டரியிலிருந்து சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் எர்த் வயரின் முனை உள்ளே பச்சை பூத்து அரித்திருக்கும். எர்த் கெட்டால் மின்சாரம் தவறான வழிகளைத் தேடும், விளக்குகள் மங்கும், தொடர்பே இல்லாத மணிகள் ஒலிக்கும். "பேய் பிடித்த வண்டி" என்று பட்டம் பெற்ற வண்டிகளில், முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த எர்த் முனையே.

இதைக் கண்டறிவது கடினமன்று. சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்று போதும். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பின்னர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. ஆனால் இதைத் தேடிப் பார்க்கப் பட்டறைக்காரருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு நாம் கூலி கொடுக்கிறோமா?

குற்றத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பொருளை மாற்றினால் பணம் கொடுக்கிறோம், பழுதைத் தேடினால், "சும்மா பார்த்ததற்கா காசு?" என்று கேட்கிறோம். ஆகையால் அவர் தேடுவதில்லை. ஒன்று, தேவையற்ற புதுச் சாமானை மாட்டுகிறார். அல்லது வயரை வெட்டுகிறார். அவரை ஏசிப் பயனில்லை.

மணியின் மேல் உள்ள வெறுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள், பெல்ட் அணியாவிட்டால் கிளம்பாதபடி செய்யப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்நாட்டுக் காங்கிரஸ் அவ்விதியை ஒழித்ததோடு, கட்டாய மணி 8 விநாடிக்கு மேற்படக் கூடாதென்றும் சட்டம் செய்தது. நம் நாட்டில், பெல்ட் அணியாமலே மணியை ஏமாற்றும் சிறு கொக்கிகள் இணைய அங்காடிகளில் தாராளமாக விற்றன. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து அங்காடிகளுக்கு உத்தரவிட்டதில், 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கொக்கியைத் தடுத்தது சரியே. எனினும், எதற்கு ஒலிக்கிறது என்று தெரிவிக்காத மணி மனிதரைச் சினமூட்டும் என்பதை வண்டி செய்கிற கம்பெனிகளும் உணர வேண்டும். விளக்கின் பொருளைத் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையைச் சூரியத் தடுப்பின் உட்புறம் ஒட்டிக் கொடுப்பதற்கு அவர்களுக்கு எத்தனை செலவாகும்?

அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்றுக்குச் சென்றாக வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பாக, அங்கத்தினரின் வண்டிகளைச் சங்க வளாகத்தில் வரிசையாக நிறுத்தி, அடித்தட்டை நல்ல தண்ணீரால் கழுவி, எர்த் முனைகளையும் கதவுச் சுவிட்சுகளையும் பிரேக் குப்பிகளையும் பார்த்துவிடலாம். சங்கத்திற்கென்று ஒரு மல்டிமீட்டரும், அங்கத்தினரிடம் உள்ள வண்டி வகைகளின் வயரிங் படங்களும் வாங்கி வைக்கலாம். மேலும், பழுது தேடும் நேரத்திற்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலியை, பட்டறைக்காரர்களைக் கலந்துகொண்டு சங்கமே நிர்ணயிக்க வேண்டும். பொருள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அக்கூலி அவருக்குச் சேர வேண்டும். வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தைச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே மணி வயர் துண்டிக்கப்பட்ட வண்டிகளை உடைய அன்பர்கள், அதுவரை தாமதிக்காமல், நாளைக் காலையில் பிரேக் ஆயில் குப்பியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வார்களாக.