கம்ப்யூட்டரில் நீங்கள் கேட்பது எஃப்.எம்தானா?

‘கம்ப்யூட்டரில் எஃப்.எம் கேட்க இலவச சாஃப்ட்வேர்’ என்று தேடிப் பாருங்கள், பக்கம் பக்கமாக வரும். இன்ஸ்டால் செய்தால் ஸ்டேஷன் பட்டியல் விரியும், க்ளிக் செய்தால் பாட்டு பாடும். ஆபீஸ் வேலைக்கு நடுவே கேட்க இது போதாதா? தாராளமாகப் போதும். ஆனால் இதை ‘எஃப்.எம்’ என்று சொல்லித் தருவதுதான் இடிக்கிறது.

பாட்டு ஓடும்போதே வைஃபையை ஆஃப் செய்து பாருங்கள். பஃபரில் இருக்கும் சில விநாடிகள் ஓடும், பிறகு நின்றுவிடும். காரணம், வந்துகொண்டிருந்தது ஸ்டேஷனின் சர்வர் அனுப்பும் இன்டர்நெட் ஸ்ட்ரீம். நிஜ எஃப்.எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் காற்றில் வருகிறது. அதைப் பிடிக்க அதற்கான ஆன்டெனாவும் ட்யூனரும் வேண்டும். சாதாரண லேப்டாப்பில் இரண்டும் கிடையாது. எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் சாஃப்ட்வேரே எஃப்.எம் பிடித்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்ட்ரீம் போதும் என்றால் முன்பின் தெரியாத சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்யவே வேண்டாம். வி.எல்.சி பிளேயரில் ‘ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ என்ற வசதி இருக்கிறது. ஸ்டேஷனின் ஸ்ட்ரீம் முகவரியை அதில் போட்டால் வேலை முடிந்தது. முகவரிகளைத் தேட ‘ரேடியோ பிரவுசர்’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. டேட்டா கணக்கையும் பார்த்துவிடுங்கள். 128 கே.பி.பி.எஸ் ஸ்ட்ரீம் மணிக்கு சுமார் 58 எம்.பி. இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 460 எம்.பி. வீட்டு பிராட்பேண்டில் இது ஒன்றுமே இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில், தினம் 1.5 ஜி.பி. பிளான் வைத்திருப்பவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி!

டேட்டாவை விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. காற்றில் வரும் எஃப்.எம்-மை யார் கேட்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்குத் தெரியாது. ஸ்ட்ரீமில் உங்கள் ஐ.பி. முகவரி, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதெல்லாம் சர்வரில் பதிவாக முடியும். யாருக்கும் தெரியாமல் கேட்கக்கூடிய ஊடகங்கள் இப்போது ரொம்பக் குறைவு. ரேடியோ அதில் ஒன்று.

சரி, நிஜ எஃப்.எம்-மைக் கம்ப்யூட்டரில் கேட்கவே முடியாதா? முடியும், அதற்கும் சாஃப்ட்வேர் இலவசம்தான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் என்ற யு.எஸ்.பி. டாங்கிள் வாங்க வேண்டும். டிஜிட்டல் டி.வி. பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட டாங்கிள் இது. உள்ளே இருக்கும் ரியல்டெக் சிப்பிலிருந்து ரேடியோ சிக்னலை அப்படியே கம்ப்யூட்டருக்குள் எடுக்கலாம் என்பதைப் பயன்படுத்தி, 2012-ல் ஆர்வலர்கள் இதை ரேடியோவாக மாற்றினார்கள். சிக்னலைப் பிரித்துப் பாட்டாக்கும் வேலையை எஸ்.டி.ஆர் பிளஸ் பிளஸ், ஜி.கியூ.ஆர்.எக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் செய்கின்றன. ‘டபிள்யூ.எஃப்.எம்’ மோடைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் இருந்தால் 101.4-க்குப் போங்கள், ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ கேட்கும். பக்கத்து ஸ்டேஷன்கள் திரையில் மலை மலையாக எழுந்து நிற்பதைப் பார்ப்பதே தனி சுகம். டாங்கிளோடு வரும் ஆன்டெனாவை சுமார் 75 செ.மீ.க்கு இழுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள். எஃப்.எம் அலை நீளத்தில் கால் பங்கு அது.

விண்டோஸில் ஒரு தொல்லை உண்டு. அது தானாகவே டி.வி. டிரைவரைப் போட்டுவிடும். ‘சாடிக்’ என்ற சின்ன புரோகிராமை வைத்து அதை மாற்ற வேண்டும். அங்கே பட்டியலில் டாங்கிளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று இரண்டு முறை பாருங்கள். தவறிப்போய் கீபோர்டின் டிரைவரை மாற்றிவிட்டால் அப்புறம் டைப் செய்யவே முடியாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? தினசரிக்கு வேண்டாம், ஸ்ட்ரீமே போதும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கரன்ட்டும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போனதை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஸ்ட்ரீமால் ஒரு பயனும் இல்லை. போன்களில் இருக்கும் எஃப்.எம் வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய ஐ.டி. அமைச்சகம் 2023-ல் மொபைல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியதும் பேரிடர் காலத்தை மனதில் வைத்துத்தான். அதனால் அடுத்த போன் வாங்கும்போது கேமராவோடு சேர்த்து எஃப்.எம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஹெட்போன் வயர்தான் அதற்கு ஆன்டெனா, எனவே வயர் ஹெட்போன் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். எஃப்.எம் இல்லாத போன் என்றால், டாங்கிளை விட விலை குறைவான சின்ன பேட்டரி ரேடியோ ஒன்றும், கூடவே இரண்டு ஜோடி பேட்டரியும் வாங்கி வையுங்கள்.