பூத் பங்களா போடுவோம், ஆளையும் எண்ணுவோம்

தசரா முடிந்து தீபாவளி வருவதற்குள் தில்லியில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரு மேளா. ராட்டினம், சாட் கடை, வளையல் கடை, அதை அடுத்துக் கறுப்புத் துணி போர்த்திய ஒரு கூடாரம். 'பூத் பங்களா' என்று கொட்டை எழுத்தில் பலகை. நம் வீட்டுப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பது அங்கேதான். இந்த ஆண்டு நம் சங்கத்தின் குடும்ப விழாவிலும் அப்படி ஒன்று போடலாம் என்று இளைஞர் அணி யோசனை சொல்லியிருக்கிறது. 'பேயும் பிசாசும் நமக்கு எதற்கு?' என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. புளியமரத்துப் பேயையும் மோகினியையும் சொல்லித்தானே பாட்டிமார் நமக்குச் சோறு ஊட்டினார்கள்! என் கவலை பேயைப் பற்றியது அல்ல, கூட்டத்தைப் பற்றியது.

கல்யாண மண்டபத்தில் ஒரு குழந்தை வீறிட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். பூத் பங்களாவில் வீறிட்டால் வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள். 'உள்ளே நன்றாக இருக்கிறது போலும்' என்று வரிசை இன்னும் நீளும். கூக்குரலுக்கு மதிப்பில்லாத ஒரே இடம் அது. இருட்டு, குறுகலான பாதை, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாத திருப்பங்கள் எல்லாம் நாமே வேண்டுமென்று செய்து வைத்தவை. ஆகவே உள்ளே போனவர்களுக்குப் பதிலாகக் கண்ணும் காதுமாக இருக்க வேண்டியது விழா நடத்துபவர்களின் கடமை.

இது வீண் பயம் என்று எண்ண வேண்டாம். 1979 ஜூன் 9 அன்று சிட்னி லூனா பார்க்கில் பேய் ரயில் தீப்பிடித்து 6 குழந்தைகளும் ஒரு பெரியவரும் மாண்டார்கள். 1984 மே 11 அன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்க் கோட்டையில் 8 இளம்பிள்ளைகள் பலியானார்கள். லாரிப் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துச் செய்த கோட்டை அது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு கிடையாது. அதன் பிறகு அந்நாட்டுத் தீப்பாதுகாப்பு விதிகள் பேய் வீடுகளைத் தனி வகையாகவே பிரித்தன. புகை கண்டதும் விளக்குகள் எரிய வேண்டும், பயமுறுத்தும் சத்தங்கள் நிற்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 1997 ஜூன் 13 அன்று நம் கிரீன் பார்க்கின் உப்ஹார் தியேட்டரில் 59 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, புகை. பால்கனியில் கூடுதல் நாற்காலிகள் போட்டதில் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது. நாலு டிக்கெட் அதிகம் விற்கும் ஆசைக்கு என்ன விலை என்பதைத் தில்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு அரங்கு ஒன்றில் 27 பேர் தீக்கு இரையானார்கள். தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமலே அது நடந்து வந்தது.

சரி, என்ன செய்யலாம்? கணக்கு எளியது. 6 பேர் கொண்ட குழுவாக, நிமிடத்துக்கு ஒரு குழு வீதம் அனுப்புவோம். உள்ளே நடக்க 4 நிமிடம் என்றால், எந்த நேரத்திலும் 24 பேர்தான் கூடாரத்துக்குள் இருப்பார்கள். மணிக்கு 360 பேர். 3 மணி நேரத்தில் 1,080 பேர். நம் சங்கக் குடும்பங்களுக்கு இது தாராளம். அவசரப்பட்டு 12 பேராக விட்டால், பயந்து தயங்கும் முன் குழுவைப் பின் குழு எட்டிப் பிடித்துவிடும். பிறகு எல்லாம் ஒரே கூட்ஸ் வண்டி! முன்னால் போகிறவர் மட்டுமே பேயைப் பார்த்து அலறுவார். பின்னால் வருகிறவர் முகமூடியைக் கழற்றி வியர்வை துடைக்கும் பேயைத்தான் பார்ப்பார். இடைவெளி விட்டால்தான் உயிருக்கும் பாதுகாப்பு, பயத்துக்கும் மரியாதை.

பேய் வேஷம் போடும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எதிரே பாய்ந்து வழி மறிக்காதீர்கள். பயந்தவர்கள் திரும்பி, பின்னால் வரும் குழந்தைகள் மேல் விழுவார்கள். பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வாருங்கள். ஓடுகிறவர்கள் வெளிவாசலை நோக்கி ஓடட்டும்.

நுழைவாசல் வேறு, வெளிவாசல் வேறாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஆளை எண்ண ஒருவர். நடுவழியில் பூட்டில்லாத இரண்டு வழிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் பேய் வேஷம் போடாத ஒரு தொண்டர், கையில் டார்ச்சோடு. எல்லா விளக்கையும் ஒரே நொடியில் போடும் சுவிட்ச் பக்கத்தில் நகராத ஒருவர். உள்ளே மெழுகுவர்த்தியோ கற்பூரமோ கூடவே கூடாது. கூப்பனில் நேரம் எழுதிக் கொடுத்தால் வெளியே முண்டியடிக்கவும் மாட்டார்கள். அதுவரை பஜ்ஜி கடையில் வியாபாரமும் நடக்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 5 பேருக்கு மேல் நெருங்கினால் ஆபத்து தொடங்குகிறது என்பதை வெளிவரிசைக்கும் நினைவில் வைப்போம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கஷ்டமானது வேறொன்று. 'சார், நம்ம செயற்குழு உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள், நாலே பேர்தான், விட்டுடுங்க' என்று ஒரு குரல் வரும். 'ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்காங்க' என்று இன்னொன்று. வேற்றூரில் கூடி வாழும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் முறித்துக்கொள்ளத் தயங்குகிறோம். அந்தத் தாட்சண்யம்தான் நம் சங்கத்தின் பலம். ஆனால் அந்த வாசலில் மட்டும் அது உதவாது. ஆகவே கடிகாரத்தோடு அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும், தலைவரே வந்தாலும் 'உங்கள் முறைக்குக் காத்திருங்கள் ஐயா' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதைச் செயற்குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதி, விழா அழைப்பிதழிலும் அச்சிட வேண்டும். அப்படியொரு தீர்மானம் வந்தால் பூத் பங்களாவுக்கு என் ஓட்டு உண்டு. வராவிட்டால் இந்த ஆண்டும் பல்லாங்குழிப் போட்டியே போதும்.